மெஷ் சொல் மட்டும் போதாது
மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில், கட்டுரையின் பொருளைக் குறிக்க இடப்படும் மெஷ் (MeSH) தலைப்புச் சொல்லை மட்டும் இட்டால் எல்லாக் கட்டுரைகளும் வந்துவிடும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது பாதி உண்மைதான். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் பேணிவரும் அந்தச் சொற்பட்டியல், கேன்சர், ட்யூமர் என்று ஆளுக்கொரு பெயரில் எழுதியவற்றை ‘நியோபிளாசம்ஸ்’ என்ற ஒரே தலைப்பின்கீழ்த் திரட்டித் தருவது பேருதவி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தலைப்பு இன்னும் இடப்படாத புதிய கட்டுரைகளும், மெட்லைன் தொகுப்பில் (பப்மெட்டில் மெஷ் தலைப்பு இடப்படும் பகுதி) சேராத பதிவுகளும் அந்தத் தேடலில் சிக்கமாட்டா. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் மோனசைட் (தோரியம் கலந்த கதிரியக்கக் கனிமம்) மணலின் கதிர்வீச்சைப் பற்றித் தேடுபவர், ‘பேக்ரவுண்ட் ரேடியேஷன்’ என்ற மெஷ் சொல்லையும் ‘மோனசைட்’ என்ற சாதாரணச் சொல்லையும் ‘ஆர்’ (OR – இரண்டில் ஒன்று இருந்தாலும் போதும்) கொண்டு இணைத்து, அதன்பின் ஊர்ப்பெயர்களை ‘அண்ட்’ (AND – இதுவும் கூடவே இருக்க வேண்டும்) கொண்டு சேர்க்க வேண்டும். மணவாளக்குறிச்சிக்கு மெஷ்ஷில் தலைப்பே கிடையாது; கன்னியாகுமரிக்கு ‘கேப் காமரின்’ என்ற பழைய பெயரையும் விட்டுவிடக் கூடாது.