பிரசிகுவான்டல் மலட்டு மாத்திரை அல்ல

"தான்சானியப் பள்ளிகளில் கொடுப்பது கருத்தடை மாத்திரை. பரிசோதனையே கிடையாது, பிள்ளைகள் மயங்குகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறான தகவல்.

அது பிரசிகுவான்டல். நத்தையிலிருந்து தண்ணீருக்கு வந்து, தோலைத் துளைத்து உடம்புக்குள் நுழையும் ஷிஸ்டோசோமா புழுவைக் கொல்வது. கிலோவுக்கு 40 மி.கி., ஒரே வேளை. பள்ளியில் தராசுக்குப் பதில் கோடு போட்ட உயரக் கம்பம். தலை தொடும் கோட்டைப் பார்த்து 600 மி.கி. மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பார்கள்.

முதலில் மாதிரிக்குச் சிலரின் சிறுநீர், மலத்தில் முட்டை தேடுவார்கள். பாதிப்பு 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 2 வயது முதல் எல்லா வயதினருக்கும் ஆண்டுதோறும் மருந்து கொடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

வயிற்றுவலி, வாந்தி, தலைசுற்றல் வரும்தான். பெரும்பாலும் புழுக்கள் மடிவதால் வருவது. புழு அதிகமிருந்தாலோ வெறும் வயிற்றில் விழுங்கினாலோ கூடும். சாப்பாடு போடாமல் மாத்திரையை நீட்டினால் வதந்திக்கு வேறு தீனி வேண்டாம்.

மலட்டுத்தன்மையோ நேர்மாறு: சிகிச்சை இல்லாவிட்டால் புழு முட்டைகள் பெண்ணுறுப்புகளில் தங்கிக் கருத்தரிப்பைக் கெடுக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டி அதன் இணையதளத்திலேயே இருக்கிறது, பாருங்கள். அந்தச் செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள்.