மாக்கல் விற்று வாங்கிய கேமரா

கனடாவின் இனுயிட் பழங்குடியைச் சேர்ந்த திரைப்பட இயக்குநர் சக்கரியாஸ் குனுக் பற்றிய உங்கள் கட்டுரையை, கான் திரைப்பட விழாவில் அவர் வாங்கிய விருதிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு 20 வருடம் முந்தைய கதைதான் பெரிது. கனடாவின் வடகோடியில், இக்லூலிக் என்ற தீவு ஊர். 1981-ல் தன் கையால் செதுக்கிய மாக்கல் சிற்பங்களை மான்ட்ரியலில் விற்று, அந்தக் காசில் வீடியோ கேமரா வாங்கியவர் அவர். அப்போது அவர் ஊரில் டிவியே கிடையாது! தங்கள் மொழியில் நிகழ்ச்சிகள் இல்லை என்று ஊர் மக்களே இரண்டு முறை வாக்களித்து அதை வேண்டாம் என்றிருந்தார்கள்.

அவர் இயக்கிய 'அதானார்ஜுவாட்' படத்தில் நாயகன் உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் கடல்பனி மேல் ஓடுவான். பாதம் கிழிந்து வெள்ளைப் பனியில் ரத்தத் தடம் விழும். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேச்சு முழுக்க இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிடூட். நடித்தவர்களும் அந்த மக்களே. 2001-ல் கானில் முதல் படத்துக்கான விருது.

அப்புறம் ஒன்று. திரைக்கதை எழுதிய பால் அபாக் 1998-லேயே, படம் முடிவதற்குள் இறந்துவிட்டார். கட்டுரையில் அவர் பெயரைக் காணோம். தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.