கரியடுப்பை அப்படி ஒதுக்கிவிட முடியாது

'வீட்டு பார்பிக்யூவுக்கு கேஸ்தான் சரி, கரி வீண் தொந்தரவு' என்று கட்டுரையில் முடித்துவிட்டீர்கள். அடுக்குமாடி பால்கனிக்கு அது சரி. நான் கீழக்கரைக்காரன். எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலக் கரிக்குப் பஞ்சமே கிடையாது. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கட்டையை அடுக்கி மண் போட்டு மூடி வேகவைக்கும் கரிமூட்டங்களைப் பார்க்கலாம். நன்றாக வெந்த கரியை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். மொத்தென்று கேட்டால் உள்ளே கட்டை வேகவில்லை, புகை கண்ணைக் கரிக்கும், வாங்காதீர்கள்.

விளமீனைக் கீறி, மசாலா தடவி ஊறவைத்துவிட்டுக் கரியைப் பற்றவைத்தால், அரை மணி நேரத்தில் மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்துவிடும். அப்புறம்தான் மீனைக் கம்பியில் வைக்க வேண்டும். கொழுப்பு சொட்டி, தணலில் பட்டு எழும் அந்தப் புகைதான் ருசியே. கேஸிலும் கொஞ்சம் வரும், இந்த அளவுக்கு வராது. உப்புக்காற்றில் பர்னர் சீக்கிரம் துருப்பிடித்துவிடுவது வேறு.

ஆனாலும் கச்சான் என்கிற மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில், பக்கத்தில் ஓலைக் கொட்டகை இருந்தால் கரியைத் தொடவே கூடாது. ஒரு பொறி போதும். அப்போது காற்று மறைவில் கேஸ் அடுப்புதான்.

இன்னொன்று, மழை வந்தால்கூடக் கரியடுப்பை வீட்டுக்குள் தூக்கி வராதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, மூடிய அறையில் ஆளையே கொன்றுவிடும். தயவுசெய்து இதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சேருங்கள்.