ஓட்டைக்கு வரி 54,900

(பாளையங்கோட்டை. சாயங்காலம். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். செல்வம் செல்போனை நீட்டியபடி வருகிறான்.)

செல்வம்: சித்தப்பா, வண்டி முடிவாகிவிட்டது. படத்தைப் பாருங்கள்.

சித்தப்பா: நேற்றே சித்தியிடம் காட்டினாயாமே. ராத்திரி முழுக்க "அந்த ஜன்னல், அந்த ஜன்னல்" என்று தூங்கவிடவில்லை. என் பஸ்ஸில் இல்லாத ஜன்னலா? சரி, இது காரா, ஜீப்பா?

செல்வம்: கிராஸ்ஓவர். இரண்டும் கலந்தது.

சித்தப்பா: குதிரையும் கழுதையும் கலந்தால் கோவேறு கழுதை. அதுவாவது மலை ஏறும். இதற்கு நாலு சக்கரமும் இழுக்குமா?

செல்வம்: முன் சக்கரம் இரண்டுதான் இழுக்கும். அடிப்பாகம் எல்லாம் கார்தான், சித்தப்பா. பார்வைக்கு ஜீப் ஜாடை.

சித்தப்பா: சக்கரத்தைச் சுற்றிக் கருப்புக் கரை வேறு. சுங்குடிச் சேலையா?

செல்வம்: பிளாஸ்டிக். கல் தெறித்தாலும் பெயிண்ட் உரியாது.

சித்தப்பா: அது சரி. கூரையில் கம்பி இருக்கிறதே, மூட்டை கட்டவா?

செல்வம்: (குரல் இறங்கி) அழகுக்கு.

சித்தப்பா: வாழைத்தார் ஏற்ற முடியாத கூரைக்குக் கம்பி! நீளம் எவ்வளவு?

செல்வம்: 3995 மில்லிமீட்டர்.

சித்தப்பா: நாலு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் குறைகிறது. அளந்தவன் கை நடுங்கிவிட்டதோ?

செல்வம்: நெக்ஸான், சோனெட், பிரெஸ்ஸா மூன்று கார்களும் 3995தான். நாலு மீட்டரைத் தாண்டினால் சின்னக் கார் கணக்கில் வராது. 2006 பட்ஜெட்டில் கிழித்த கோடு அது. இப்போது ஜிஎஸ்டியிலும் அதே கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40.

சித்தப்பா: அப்படியென்றால் பம்பரை வடிவமைத்தது இன்ஜினியர் இல்லை, ஆடிட்டர். பிரெஸ்ஸாவுக்கும் 18தானா?

செல்வம்: அங்கேதான் சிக்கல். நீளம் மட்டும் போதாது, பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருக்க வேண்டும். அதில் 1462 சிசி. அதனால் 40.

சித்தப்பா: தலை நுழைந்துவிட்டது, தொந்தி மாட்டிக்கொண்டது. உன் வண்டி?

செல்வம்: 1200க்குள்தான். 18 சதவீதம்.

சித்தப்பா: பிழைத்தாய். உட்கார எப்படி?

செல்வம்: அதுதான் இதில் பெரிய விசேஷம். சீட் உயரம். என் பழைய காரில் குழிக்குள் இறங்குவது மாதிரி இறங்கி, வெளியே வரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்று எழ வேண்டும். இதில் நாற்காலியில் உட்காருவது மாதிரி அப்படியே நகர்ந்து உட்காரலாம். சித்தி முட்டிவலிக்கு நல்லது. அடிப்பாகமும் உயரம், நம் தெரு வேகத்தடையில் உரசாது.

சித்தப்பா: அந்த வேகத்தடையா? பஸ்ஸே உரசும். ஆனால் முட்டிவலி என்று சொன்னாயே, அது நியாயம். இதை முதலில் சொல்லாமல் கம்பியையும் கரையையும் காட்டிக்கொண்டிருக்கிறாய். விலையைச் சொல்.

செல்வம்: ஷோரூம் விலை 9 லட்சத்து 90 ஆயிரம். ஆனால் நான் எடுப்பது அதற்கு மேலே உள்ள மாடல், 10 லட்சத்து 20. வெறும் 30 ஆயிரம்தான் கூட. சன்ரூஃப் வரும்.

சித்தப்பா: அதென்ன?

செல்வம்: கூரையில் ஒரு கண்ணாடி. பட்டனைத் தொட்டால் திறக்கும், வெயில் வரும்.

சித்தப்பா: திருநெல்வேலியில் வெயில் வருவதற்கு 30 ஆயிரமா! மொட்டை மாடிக்கு வா, சும்மா தருகிறேன். வண்டியைப் பதியும்போது கட்டும் லைஃப் டாக்ஸ் பார்த்தாயா?

செல்வம்: ஷோரூமில் போடுவார்கள்.

சித்தப்பா: போடுவார்கள், உன் தலையில். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. 2023 நவம்பரிலிருந்து இதுதான். தாண்டிய 20 ஆயிரத்துக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும். கணக்குப் போடு.

செல்வம்: (செல்போனில் தட்டியபடி) 9,90,000க்கு 13 சதவீதம்... 1,28,700. 10,20,000க்கு 18... ஐயோ, 1,83,600!

சித்தப்பா: வித்தியாசம்?

செல்வம்: 54,900.

சித்தப்பா: ஓட்டை 30 ஆயிரம். ஓட்டைக்கு வரி 55 ஆயிரம். 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்று, விற்கும்போதே வசூலிக்கும் வரி 1 சதவீதம் வேறு பிடிப்பார்கள். அதையாவது வருமான வரிக் கணக்கில் திரும்ப வாங்கலாம்.

செல்வம்: வேண்டவே வேண்டாம் சித்தப்பா. ஓட்டை இல்லாத மாடலையே எடுக்கிறேன். சித்தியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

சித்தப்பா: அவளிடம் எதற்கு?

செல்வம்: நேற்று அவர்களிடம் காட்டியதே அந்தக் கண்ணாடியைத்தான். ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதி ஓரமாக வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி நெல்லையப்பர் தேரைக் கும்பிடலாம் என்று சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லியாகிவிட்டதாம்.

(சித்தப்பா உள்ளே எட்டிப் பார்க்கிறார். பாத்திரம் கழுவும் சத்தம் திடீரென்று நிற்கிறது.)

சித்தப்பா: (தாழ்ந்த குரலில்) அந்த 54,900இல் பாதியை நான் தருகிறேன், தம்பி.

செல்வம்: மீதிப் பாதி?

சித்தப்பா: கூரைக் கம்பியைக் கழற்றிவிட்டால் விலை குறைப்பார்களா என்று கேட்டுப் பார்.