மொசார்ட் ஐந்து வயதில் சிம்பொனி எழுதினாரா?

"மொசார்ட் ஐந்து வயதிலேயே முதல் சிம்பொனியை எழுதிவிட்டார்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது தவறு. ஐந்து வயதில் அவர் இயற்றியவை பியானோ போன்ற விசைப்பலகை வாத்தியத்துக்கான சின்னஞ்சிறு இசைத் துண்டுகள். அவற்றைத் தாளில் எழுதி வைத்ததும் அப்பா லியோபோல்ட்தான்.

வாத்தியக் குழுவுக்கான, பல பகுதிகள் கொண்ட நீண்ட இசைதான் சிம்பொனி. அவருடைய முதல் சிம்பொனி (மொசார்ட் படைப்புப் பட்டியலில் எண் கே. 16) பிறந்தது 1764இல், லண்டனில். அப்போது அவருக்கு எட்டு வயது. அப்பா நோயில் கிடந்ததால் குடும்பம் செல்சி பக்கம் தங்கியிருந்தது. வீட்டில் வாத்தியச் சத்தமே கூடாது. அந்த அமைதியில்தான் பையன் எழுத உட்கார்ந்தான். "கொம்பு வாத்தியத்துக்கு (ஹார்ன்) நல்ல வேலை கொடுக்க வேண்டும், நினைவுபடுத்து" என்று தம்பி தன்னிடம் சொன்னதாக அக்கா நான்னெர்ல் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

சரி, கொம்புக்கு என்ன கிடைத்தது? இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். அங்கே கொம்பு நான்கு நீண்ட சுரங்களை இசைக்கிறது: ச ரி ம க. 1788இல் அவர் எழுதிய கடைசி சிம்பொனியான 'ஜூபிட்டர்' இறுதிப் பகுதி இதே நான்கு சுரங்களோடுதான் தொடங்குகிறது. எனக்கு வயதுக் கணக்கைவிட இதுதான் பெரிய வியப்பு.

அப்புறம், கையெழுத்துப் பிரதியில் அப்பாவின் திருத்தங்களும் உண்டு. அதனால் முதல் சிம்பொனியை யாருடைய துணையும் இல்லாமல் எழுதினார் என்று சொன்னால் அதுவும் சரியல்ல. மொசார்ட்டின் 'மூன்றாவது சிம்பொனி' என்று பகிரப்படுவதோ அவருடையதே அல்ல. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஃபிரெட்ரிக் ஆபெலின் படைப்பைச் சிறுவன் பார்த்து எழுதிக்கொண்ட பிரதி அது.