வேலை தேடியதற்கு என்ன சாட்சி?

தமிழக அரசு வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையைப் பற்றித் தேனி மாவட்டத்தின் கூடலூர், கம்பம் பக்கத்தில் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் பலரும் அறிவார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதன் பிறகு பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாயும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 400 ரூபாயுமாக 3 ஆண்டுகள் வரை கிடைக்கும். ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். வேலையில் இல்லை என்று அதில் உறுதி கூறுகிறோமே தவிர, எங்கெங்கே வேலை கேட்டு அலைந்தோம் என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. 2012ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, உதவித்தொகை பெறுபவர் மும்முரமாக வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும். எந்த நிறுவனத்தை, எந்தத் தேதியில், எந்த வழியில் அணுகினோம் என்று குறித்து வைத்திருந்து, கேட்கும்போது காட்ட வேண்டிய நிலை பல மாநிலங்களில் உண்டு. அது வேலை பார்த்து இழந்தவருக்கான காப்பீடு, நம்முடையது வேலையே கிடைக்காதவருக்கான உதவி; இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் அங்கே ஒரு வாரத்தில் சொற்பமாகச் சம்பாதித்தவர் அதைக் கணக்கில் காட்ட வேண்டும். காட்டினால் தொகை குறையலாமே ஒழிய, அதற்காக அவர் குற்றவாளி ஆவதில்லை.

கேரள எல்லையோரத்தில் இருக்கும் நமக்குத் தேவையானது இந்த ஏற்பாடுதான். விடியுமுன்பே குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலையேறும் ஜீப்புகளில், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் அருகில் நெருக்கியடித்து உட்கார்ந்து, பி.காம். முடித்த பெண்களும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். "அண்ணே, காய் எடுக்கிற சீசனுக்கு மட்டும் போறதும் வேலையில சேருமா?" என்று அவர்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள். ஒருவரைக் கேட்டால் சேரும் என்கிறார், மற்றவர் அதெல்லாம் எழுத வேண்டாம் என்கிறார். கஞ்சிக்கு வழி தேடிப் போகிறவளைப் பொய் எழுத வைக்கும் உறுதிமொழியால் அரசுக்கு என்ன லாபம்?

அதற்காக, தேடியதற்குச் சான்று கொடு என்று நாளைக்கே விதி போட்டால் அதுவும் வினையாகும். மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ ஒரு நேர்காணலுக்குப் போய்வர, பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் சேர்ந்து 600 ரூபாயில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வாரத்துக்கு இத்தனை நிறுவனம் என்று எண்ணிக்கை வைத்தால், தெரிந்த ஜவுளிக்கடையில் முத்திரை வாங்கி வருவார்கள். (நம் ஊரில் முத்திரைக்கா பஞ்சம்?) மாவட்ட வேலைவாய்ப்பு மையம் வெள்ளிக்கிழமைகளில் நடத்தும் தனியார் துறை முகாமுக்குப் போனதையும், 2020இல் தொடங்கிய தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்தில் விண்ணப்பித்ததையும் தேடலாக ஏற்றுக்கொண்டாலே போதும், இரண்டுக்கும் அரசிடமே பதிவு இருக்கும். முகாமுக்கு வருகிறவர்களுக்குப் பேருந்துக் கட்டணத்தைக் கொடுத்துவிட வேண்டும். உறுதிமொழி ஆவணத்தில், பருவக் கூலியாக எத்தனை நாள் போனார், எவ்வளவு வாங்கினார் என்று அச்சமின்றி எழுத ஒரு பத்தியும், அந்த வருமானம் எவ்வளவு வரை போனால் தொகை நிற்காது என்ற வரம்பும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.