சாந்தன் கம்முக்கு மொட்டைமாடி வெயில் ஆகாது

ராயபுரம் தம்பி, "வெல்லப்பாகும் யூரியாவும் தாராளமா ஊத்தி, டிரம்மை மூடி நம்ம வடசென்னை வெயில்ல வெச்சா சாந்தன் கம் கொட்டும்"னு போட்டிருக்கீங்க. இதை நம்பி யாராவது காசைப் போட்டுடுவாங்களோன்னு பயந்துதான் எழுதுறேன்.

சாந்தன் கம்ங்கிறது சாஸ் மாதிரி உணவுகளைக் கெட்டியாக்கச் சேர்க்குற பசைப் பொருள். அந்தக் கம்மைச் சுரக்குறது சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ். முட்டைகோஸ் இலையில கருப்பு அழுகல் நோயைக் கொண்டுவர்ற அதே பாக்டீரியா. அதுக்கு 28-லிருந்து 30 டிகிரி போதும். மே மாசம் வியாசர்பாடி மாடியில 40 டிகிரி அடிக்கும்போது டிரம்முல வளர்றது வேற கிருமியாத்தான் இருக்கும்.

யூரியாதான் பெரிய தப்பு. அதுல இருக்குறது நைட்ரஜன், அது ஏராளமா இருந்தா பாக்டீரியா செல்தான் பெருகும். நைட்ரஜன் தீர்ந்து சர்க்கரை மட்டும் மீந்திருக்கும்போதுதான் பாக்டீரியா கம் பக்கம் முழுசாத் திரும்பும். சர்க்கரையும் 2 முதல் 4 சதவீதம் போதும், அதுக்கு மேல அள்ளிப் போட்டா வளர்ச்சியே மந்தமாகும்.

மூடி வைக்கிறது அதைவிட மோசம், இது காத்து இல்லாம வாழாத ஜீவன். என் தங்கச்சி காலேஜ் பிராஜெக்டுக்கு இந்த பாக்டீரியாவைப் போட்டு ஷேக்கர்ல, அதாவது குலுக்குற மெஷின்ல, வெச்ச கண்ணாடிக் குடுவையை நானே சாய்ச்சுப் பார்த்தேன். முதல் நாள் தண்ணியா ஓடினது, மூணாம் நாள் ஆறின வடிகஞ்சி மாதிரி கெட்டியாகி நூல் விட்டுது. அந்தக் கெட்டியில ஆக்சிஜன் தானா இறங்காது, விடாம கலக்கிக் காத்து செலுத்தணும். அமிலம் சேரச் சேர, அமிலத்தன்மையைக் காட்டுற அளவான பிஎச் 7-லிருந்து இறங்கும், அதையும் அமிலத்தை முறிக்குற காரம் (ஆல்கலி) விட்டுப் பிடிச்சு நிறுத்தணும்.

கடைசியில கம்மைப் பிரிக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊத்தணும். சட்டுனு தீப்பிடிக்கிற சரக்கு, அடுப்பு எரியுற வீட்டுல வேண்டவே வேண்டாம் தம்பி.